கால் மாற்றி நிற்க ஒரு வியாழக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ஒரு மூலையில் தயிர் பட்டுவிட்டது, மன்னியுங்கள். ‘உங்கள் கட்டுரைகளில் தோழி ஒருத்தி அடிக்கடி வருகிறாளே, இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், எப்போதுதான் பார்த்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு, உங்கள் சங்கதியையும் எழுதியிருந்தீர்கள். திருச்சியில் நீங்கள் தில்லைநகர், உங்கள் தோழி ஸ்ரீரங்கம். நடுவில் ஒரு காவிரிப் பாலம்தான். ஆனால் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று இரண்டு பேரும் மாறி மாறி வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: ‘வேலை முடிந்து வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறேன் அக்கா, அந்த முகத்தோடு அவளைப் பார்க்கப் போக மனசு வரவில்லை.’

அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களைப் போல நாலைந்து பேர் வெவ்வேறு விதமாக இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். தில்லைநகரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உங்களை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுத்தள்ளுங்கள். எங்களுக்கு அது வாய்க்கவே இல்லை. எனக்கு வங்கியில் கேஷ் கவுண்டர். ஞாயிறு விடுமுறை, 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் விடுமுறை. அவளுக்கு ஜவுளிக்கடை. மூன்று மாடிக் கடையில் இரண்டாவது மாடி, சுங்குடியும் காட்டன் சேலையும் இருக்கிற பிரிவு. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் அறுவடை. செவ்வாயில் புதுத்துணி எடுக்க எங்கள் ஊர்க்காரர்கள் இன்னமும் யோசிக்கிறார்கள் என்பதால் அவளுக்கு வார லீவு செவ்வாய். காலண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தாலும் எங்கள் இருவருக்கும் பொதுவான ஓய்வு நாள் பொங்கலும் இன்னும் ஓரிரண்டும்தான் தேறும். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும்.

ஒரு தடவை அவள் லீவு சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். நான் வெள்ளனவே எழுந்து சோபா உறையை மாற்றினேன், கேசரி கிண்டினேன், பட்டாணி உரித்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, “கடையில வியாபாரம்லாம் எப்படிம்மா?” என்று கேட்டார். “நல்லாப் போகுதுண்ணே” என்றாள். பையனிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டாள். அவன் சொன்னான். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். இப்படியே மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. கிளம்பும்போது வாசல்வரை போனேன். குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “கர்ப்பப்பையில கட்டி இருக்காம்டி. ஸ்கேன்ல சொன்னாங்க. இன்னும் வீட்ல சொல்லல.”

மூன்று மணி நேரம் கேசரியும் வியாபாரமும் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் செருப்பு மாட்டுகிற அரை நிமிஷத்தில் சொல்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக் கூடத்தில் அதைச் சொல்ல இடமே இல்லை. (கட்டி மருந்திலேயே கரைந்தது, கவலைப்படாதீர்கள்.) அந்த வாசலில் நின்றுதான் வியாழக்கிழமை முடிவாயிற்று. இனி வீடு வேண்டாம், வேலை முடிந்து நேரே வா, எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்றேன். ஆறு வருஷம் ஆகிறது.

ஏன் வியாழன்? வெள்ளி, சனி, ஞாயிறு அவளுக்குக் கூட்டம். செவ்வாய் வெள்ளியில் அவள் வீட்டில் கவிச்சி ஆகாது. திங்கள்கிழமை என் கவுண்டரில் இரண்டு நாள் வசூலைக் கட்டக் கடைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு யாருடனும் பேசுகிற நிலையில் நான் இருக்க மாட்டேன். புதனா வியாழனா என்று வந்தபோது, புதனன்று எங்கள் வீட்டில் தண்ணீர் வரும் நாள். இவ்வளவுதான் காரணம். நல்ல நேரம் பார்த்தெல்லாம் வைக்கவில்லை.

விளக்குத்தூணடியில் 8.45-க்குப் பார்ப்பது. அந்தத் தூணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரைக்காரர்களே அதைச் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர அண்ணாந்து பார்ப்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் பிளாக்பர்ன் என்று ஒரு கலெக்டர் மதுரைக் கோட்டையை இடிக்கச் சொன்னார். அகழியைத் தூர்த்து வெளி வீதிகள் போட்டார்கள். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட் பெயரில் ஒரு வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி இன்றும் இருக்கிறது. கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண். சுவருக்குள் அடைந்து கிடந்த ஊரை இரவில் காலாற நடக்கும்படி செய்தவருக்கு விளக்கு வைத்தது பொருத்தம் என்பது என் கட்சி. அவளுக்கு அதெல்லாம் அக்கறை இல்லை. “சாஞ்சுக்க ஒரு தூணு இருக்கு, அது போதும்” என்பாள்.

எனக்கு வங்கியில் 4 மணிக்கே கவுண்டர் மூடினாலும் வேலை மூடாது. கேஷ் டேலி ஆக வேண்டும். எண்ணிய நோட்டை மறுபடி எண்ணி, நூறு நோட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, பெட்டகத்தில் வைக்க வேண்டும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று மேனேஜரிடம். அவர் போனில் வட்டார அலுவலகத்துடன் பேசி முடிக்கும்வரை நான் கையில் சாவியை வைத்துக்கொண்டு நிற்பேன், இல்லை, உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க உட்கார்கிற வேலை என்னுடையது. அவளுடையது நிற்கிற வேலை. காலை 9.30-க்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி 8.30. அதனால் தூணடியில் சந்தித்ததும் எங்களுக்குள் முதல் சண்டை எப்போதும் இதுதான்: எனக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவளுக்கு உடனே உட்கார வேண்டும். தெற்கு மாசி வீதியில் இரண்டு சந்து தள்ளி இருக்கிற பரோட்டாக் கடை, இருவருக்கும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்ததில் வந்த தூரம்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மொத்தம் ஆறு மேஜைதான். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் சப்ளையர் தம்பி தடுமாறிப்போய், “ஃபேமிலியா?” என்று உள்ளே திரைச்சீலை போட்ட ஒரு பொந்தைக் காட்டினான். அங்கே வெங்காய மூட்டையும் ஒரு பழைய கிரைண்டரும் குடியிருந்தன. இரண்டு வாரம் அந்தத் திரைக்குள் வேர்த்துக்கொண்டு சாப்பிட்டோம். மூன்றாவது வாரம் அவள் நேரே போய்க் கல்லுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். “தம்பி, எனக்குக் காத்து வேணும்” என்றாள். நாலு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் சால்னாவுக்குத் திரும்பினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பெண்கள் பரோட்டாக் கடையின் முன்வரிசையில் உட்காருவது பெரிய புரட்சி மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது காற்றுப் பிரச்சினை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும், முன்னாடி உட்காருங்கள்.

அங்கே உட்கார்ந்தால் மாஸ்டரைப் பார்க்கலாம். ஊறிய மைதா உருண்டையைத் தட்டி, எண்ணெய் தொட்டு, இரண்டு கையாலும் பிடித்து வீசுவார். வீச வீசப் பின்னால் இருக்கிற சுவர்க் கடிகாரம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகும். அதைக் கொசுவம் வைத்த மாதிரி கையில் கூட்டிப் பிடித்துச் சுருட்டி வைப்பார். அவள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “கொசுவம் நல்லா வைக்கிறாரு, நம்ம கடைக்கு வந்தா பொம்மைக்குச் சேலை கட்டிவிடலாம்” என்றாள். பன் பரோட்டா என்றால் கனமாக, உப்பலாக விடுவார். சாதாப் பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் டப்டப்பென்று அடித்து அடுக்கை உதிர்த்து இலையில் போடுவார். சில வாரம் கறி தோசை சொல்வோம். கனமாக ஊற்றிய தோசைமேல் முட்டை, அதன்மேல் சுக்காக் கறி, திருப்பிப்போட்டு எடுப்பது. ஒன்றைச் சொல்லி இரண்டாக வெட்டச் சொன்னால் போதும். ராத்திரியில் ஆளுக்கு ஒன்று தாங்காது.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் பரோட்டா முடிகிறவரை பேச்சு கிடையாது. நீங்கள் சொன்ன அந்தப் பிழிந்த முகத்துக்கு முதல் வேலை சோறு. பசியோடு ஆரம்பிக்கிற பேச்சு சண்டையில் போய் முடியும், நாங்களே இரண்டு தடவை பட்டிருக்கிறோம். பேசாமல் சால்னாவில் பிய்த்துப் போட்டு ஊறவைத்துத் தின்கிறபோது, அவள் கால் இரண்டையும் செருப்பிலிருந்து உருவி, குளிர்ந்த தரையில் வைத்திருப்பாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். அவள் முகத்தைப் பார்க்காமலே, அன்றைக்குக் கடையில் கூட்டமா இல்லையா என்று அந்த விரல்களை வைத்துச் சொல்லிவிடுவேன்.

இரண்டாவது பரோட்டாவில் வசவு ஆரம்பமாகும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவளுடைய ஃப்ளோர் மேனேஜரை அவள் வைவாள், என்னுடைய மேனேஜரை நான் வைவேன். நடுவில் புகுந்து ‘அவரு பக்கமும் நியாயம் இருக்குடி’ என்று சொல்லக் கூடாது. நியாயம் பேச ஊரில் ஆள் இருக்கிறது. அன்றைக்கு அறுபது சேலையைப் பிரிக்கவைத்துவிட்டு, ‘மனசுக்குப் பிடிக்கலம்மா, கீழ பாக்குறோம்’ என்று போன குடும்பத்தைப் பற்றி அவள் சொல்வாள். பிரித்ததை எல்லாம் அவள்தான் திரும்ப மடிக்க வேண்டும். சுங்குடியை இரண்டு மூன்று தடவை பிரித்து மடித்தால் கஞ்சி மொரமொரப்புப் போய்விடும், அப்புறம் அடுத்த ஆள் ‘பழசா?’ என்று கேட்பாள். கையெழுத்து மாறிப்போன பென்ஷன் தாத்தாவைப் பற்றி நான் சொல்வேன். பதினைந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் காலியாகிவிடுவோம். உண்மையான பேச்சு அதற்கப்புறம்தான் வரும். சில வாரம் வராமலும் போகும்.

இதில் ஒரு வேடிக்கை. பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் கை சும்மா இராது. மேஜையில் கை துடைக்கப் போட்டிருக்கிற செய்தித்தாள் துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்து, மறுபடி மடித்து, ஓரத்தைப் பார்டர் மாதிரி வெளியே தெரியவிட்டு, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி வைப்பாள். அவளுக்கே தெரியாது. பில் வந்தால் என் கையின் முறை. அவள் பர்ஸிலிருந்து வருகிற கசங்கிய நோட்டை நான் வாங்கி, காந்தி தலை எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, நீவி, இரண்டு தடவை எண்ணித்தான் தம்பியிடம் தருவேன். விரலை நனைக்க ஸ்பாஞ்சைத் தேடித் தண்ணி டம்ளருக்கு விரல் போயிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். வேலையை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வர வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கையைக் கழற்றிவைக்க முடியுமா?

காலைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். கெண்டைக்காலில் அவளுக்கு நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. அவள் பிரிவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்கிறாள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தை நின்றே கழிக்க வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் கேட்டார்கள். அங்கே 2018-இல் உட்காருகிற உரிமை சட்டமாயிற்று. நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில் திருத்தம் வந்தது. கடைகளில் வேலைசெய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். செய்தி வந்த வாரம் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் படித்துக்காட்டினேன். எனக்குத்தான் அவளைவிடச் சந்தோஷம்.

அடுத்த மாதம் அவள் பிரிவுக்கு நாலு ஸ்டூல் வந்தன. பதினாலு பேருக்கு நாலு ஸ்டூல். இரண்டு வாரத்தில் மூன்றின்மேல் பெட்டி ஏறிவிட்டது. ஒன்று மட்டும் காலியாக இருக்கிறதாம். “அதுல உக்காந்தா கேமராவுல தெரியும்டி. உக்காரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. யாரும் உக்காரல” என்றாள். சட்டம் வந்தது நல்லது, வராமல் இருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஸ்டூலைப் பற்றி அவள் சொன்ன இரண்டு வாக்கியத்தை எந்த ஆய்வாளர் வந்து எழுதிக்கொண்டு போவார்?

அதற்கு அடுத்த வியாழனோ அதற்கும் அடுத்ததோ, சாப்பிட்டு முடித்துத் தெற்கு மாசி வீதியில் பைய நடந்துகொண்டிருந்தோம். கோயிலில் பள்ளியறை பூஜை ஆகிற நேரம். சுந்தரேசுவரரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எடுத்துப்போவார்கள். தினமும் ராத்திரி நடக்கிற காரியம்தான், நாங்கள் உள்ளே போய்ப் பார்த்ததுகூட எப்போதோ ஒருமுறை. அவள் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “பாதத்துக்கு மட்டும் பல்லக்கு பாரு, சாமிக்குத் தெரிஞ்சிருக்கு எது வலிக்கும்னு” என்றாள்.

அப்போதுதான் வெள்ளியம்பலத்து நடராசர் நினைவுக்கு வந்தார். நீங்கள் மதுரைக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலது காலைத் தூக்கி ஆடுவார். ராஜசேகர பாண்டியன் என்று ஒரு ராஜா. அறுபத்து நாலு கலையில் நடனம் ஒன்றுதான் அவருக்குப் பாக்கி. அதையும் கற்றுக்கொள்ளப் போனார். ஆடிப் பழகியதும்தான் தெரிந்தது, ஒற்றைக் காலில் நிற்பது எவ்வளவு வலி என்று. நேரே வெள்ளியம்பலத்துக்கு வந்து, ‘நாலு நாள் ஆடிய எனக்கே இப்படி என்றால் காலகாலமாக ஒரே காலில் நிற்கிற உனக்கு எப்படி இருக்கும், காலை மாற்றி ஆடு, இல்லாவிட்டால் என் உயிர் போகும்’ என்று வாளை நட்டு நின்றார். சுவாமி கால் மாறினார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இதற்கென்றே கால் மாறி ஆடின படலம் இருக்கிறது.

இதை நான் நடந்துகொண்டே சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான், மதுரையில் யாருக்குத் தெரியாது. ஆனாலும் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து, “எங்க முதலாளி ஒரு நாள் வந்து நின்னு சேலை வித்துப் பாக்கணும்” என்றாள். அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், பக்தியாகத்தான் கேட்டிருக்கிறேன். ராஜா தானே ஆடிப் பார்த்த பிறகுதான் அவருக்கு வலி புரிந்தது என்கிற இடத்தில் என் காது நின்றதே இல்லை.

இந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக் கேசரிக்கு எதிரே வந்திருக்குமா? வராது. அவள் கால் அன்றைக்கு ஓய்ந்திருக்கும், என் முதுகு நிமிர்ந்திருக்கும். களைப்போடு போனதால்தான் பேச்சு காலுக்கு வந்தது. நாள் முழுக்க அவள் சிரிப்பு கஸ்டமருக்குப் போய்விடுகிறது. ‘வாங்கக்கா, என்ன பாக்கணும்’ என்று முந்நூறு தடவை சிரித்துவிட்டு வருகிறவளிடம் எனக்கும் ஒரு சிரிப்பைக் கேட்பது அநியாயம். மிச்சம் இருக்கிற சிரிக்காத முகத்தை அவள் எடுத்துக்கொண்டு வருகிறாள். என்னுடையதும் அதே லட்சணம்தான். இரண்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு பரோட்டா தின்கிறோம்.

ஒரு வாரம் எனக்கு 2,000 ரூபாய் கேஷ் குறைந்தது. யாருக்கோ நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள் கூடுதலாகப் போயிருக்கிறது. கேமராவை ஓட்டிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. குறைந்தால் கைக்காசுதான் போட வேண்டும். போட்டேன். பணத்தைவிட, பத்தொன்பது வருஷ சர்வீஸுக்குப் பிறகு இப்படியா என்கிற அவமானம். அன்றைக்கு முதல் பரோட்டாவே இறங்கவில்லை. சொன்னேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது, கல்லடியில் நின்ற மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “தம்பி, ஒரு கரண்டி ஆம்லெட்” என்றாள். அது வருகிறவரைக்கும், தான் ஒரு தடவை ஒரு பில்லில் இரண்டு சேலையைக் கட்டிக் கொடுத்து விட்டதையும், ஒன்றின் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்ததையும், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அதே அம்மா மறு வருஷம் கடைக்கு வந்து, ‘போன தடவ எடுத்தது நல்லா உழைக்குதும்மா’ என்று சொன்னதையும் சொன்னாள். சிரிப்பும் அழுகையுமாக ஆம்லெட் தின்றேன். அன்றைக்கு என் முறை. பில்லை அவள் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் இரண்டு பில்லாகக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள், அதில் தயவு கிடையாது.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதுதான் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. சொல்கிறேன். முதல் மாதம் என் வீட்டில் முகம் தூக்கல். புதன்கிழமையே மாவு ஆட்டிவைத்தேன், பொடி இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் வாரம் மூன்று தோசை கல்லோடு போயின. இப்போது அவர் ஊற்றுகிற தோசை என்னுடையதைவிட முறுகலாக வருகிறது. பையன் சொன்னான், எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவள் வீட்டில் மாமியார். “எட்டரைக்குக் கடை விட்டா பத்தரை வரைக்கும் என்ன சோலி?” என்று கேட்டார். இவள் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு பன் பரோட்டாவும் தனிப் பொட்டலமாகச் சால்னாவும் பார்சல் கட்டி வாங்கிப்போனாள். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ அந்த அம்மாவே, “இன்னைக்கு வியாழக்கிழமதான?” என்று காலையில் கேட்டிருக்கிறார். எல்லா வீட்டிலும் இப்படிப் பரோட்டாவில் முடியாது என்று எனக்குத் தெரியும். கேட்டுப் பார்க்காமல் பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் பார்சலோடு சேர்த்து 300 ரூபாயைத் தாண்டியதில்லை. ஏசி போட்ட ஓட்டலுக்கு ஒருதடவை ஆசைப்பட்டுப் போனோம். பாட்டைப் பெரிதாக வைத்திருந்தார்கள், நாங்கள் கத்திப் பேச வேண்டியதாயிற்று. கர்ப்பப்பைக் கட்டியைக் கத்திச் சொல்ல முடியுமா? நம் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் இலைக்கு நிற்கிற பேர்பெற்ற கடைகளும் இதற்கு உதவாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காத, நடுத்தரமாகச் சமைக்கிற கடையாகப் பாருங்கள். ரொம்ப ருசியாக இருந்தால் கூட்டம் வந்துவிடும்.

எல்லா வாரமும் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசியில் தீபாவளி முடிகிறவரை அவள் கடையைவிட்டு வருவது பதினொன்றுக்கு மேல். மார்ச்சில் கணக்கு முடிக்கிற வாரங்களில் நான் வர முடியாது. ஆடித் தள்ளுபடியில் பாதி வாரம் போகும். வருஷத்துக்கு 35 வியாழன் தேறினால் அதிகம். சில வியாழன் பேச ஒன்றுமே இராது, தின்றுவிட்டு எழுந்திருப்போம். அதற்காக வருத்தப்படுவதில்லை.

சாப்பிட்டதும் வெளியே ஒரு பருத்திப்பால் வண்டி. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. நாளெல்லாம் பேசிக் கட்டிய தொண்டைக்கு அவளுக்கு அது வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு மதுரையைப் பார்த்துவிட்டதாகப் போவார்கள். ராத்திரிக்குப் பருத்திப்பால்தான் சரி என்பது எங்கள் இருவரின் தீர்ப்பு. டம்ளர் சுடும், முந்தானையால் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்போம். இந்த இடத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை, அவளும் நின்றேதான் குடிக்கிறாள்.

அப்புறம் பெரியார் நிலையம்வரை நடை. அவளுக்கு அவனியாபுரம் போகிற டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டியைப் பிடித்தால் காசு இல்லை, விட்டால் ஆட்டோவுக்கு எங்கள் சாப்பாட்டுக் காசு முழுக்கப் போய்விடும். அதனால் எவ்வளவு முக்கியமான பேச்சாக இருந்தாலும் பஸ் வந்தால் பாதியில் ஏறிவிடுவாள். மீதியை ஜன்னல் வழியாகச் சொல்வாள், வண்டி நகர்ந்தால் அடுத்த வாரம். போன வாரம் அவள் மகளுக்குக் காலேஜ் கிடைத்த விஷயம் அப்படித்தான் பாதியில் நிற்கிறது. எந்தக் காலேஜ் என்று இன்னும் எனக்குத் தெரியாது. போனில் கேட்கலாம். கேட்கவில்லை.

தங்கையே, உங்கள் தோழிக்கு ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று இனி எழுதாதீர்கள். இந்த வாரத்தில் ஒரு கிழமையைச் சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடை வாசல், எத்தனை மணி என்று எழுதுங்கள். முகம் கழுவக்கூட வேண்டாம், நேரே போங்கள். முதல் பரோட்டா முடிகிறவரை பேசாதீர்கள். தோழி என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
மதுரை.

பி.கு: எங்கள் பருத்திப்பால் வண்டிக்காரர் ராத்திரி ரொம்ப நேரம் நிற்க மாட்டார். மதுரைக்கு வந்தால் அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.